36,000 ரூபாய் எப்போது கைக்கு வரும்?

பதினேழு, பதினெட்டு வயதுப் பெண் ஒருத்திக்கு மூன்று ஆண்டுகளில் 36,000 ரூபாய் கிடைக்க வழி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை மாதம் ஆயிரமாக, அவள் கல்லூரிக்குப் போகும் காலம் முழுக்க, அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் போடலாம். மூன்று வருடம் அவளிடம் வேலை வாங்கிவிட்டு, கடைசியில் கல்யாணச் செலவுக்கு என்று மொத்தமாகவும் கொடுக்கலாம். கூட்டிப் பார்த்தால் தொகை ஒன்றுதான். இரண்டு வழிகளும் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருந்தவை. முதலாவது, அரசின் புதுமைப் பெண் திட்டம். இரண்டாவது, நூற்பாலைகளில் பரவிய சுமங்கலித் திட்டம். அதில் மூன்று வருட ஒப்பந்தத்தின் முடிவில் தருவதாகப் பேசப்பட்ட தொகை பெரும்பாலும் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை. அன்றைய ரூபாய்க்கு மதிப்பு அதிகம் என்பது உண்மை. ஆனாலும் ஒரே மாதிரியான ஏழை வீடுகளைத் தேடி, ஒரே வயதுப் பெண்களின் பெயரைச் சொல்லி வந்த பணங்கள் இவை. இவை அந்த வீடுகளுக்குள் செய்த வேலை மட்டும் நேரெதிரானது. குடும்பம், கல்வி, வேலை, வறுமை பற்றிக் கடந்த முப்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் முடிவும் அதுதான்: உதவித்தொகை எவ்வளவு என்பதைப் போலவே, சில நேரங்களில் அதைவிடக் கூடுதலாகவே, அது எந்தச் சமயத்தில், எதன் பெயரில் வீட்டுக்குள் வருகிறது என்பது ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் திருப்பிவிடுகிறது.

இதைப் பேச ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் பொருத்தமான ஊர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இந்த இரண்டு ஊர்களின் வட்டாரத்தில் பெண்களின் உழைப்பு இல்லாமல் எந்தத் தொழிலும் நடப்பதில்லை. ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அதைத் தொடர்ந்து நூற்பாலைகள் வளர்ந்தன. சத்திரப்பட்டியின் விசைத்தறிகளில் ஆஸ்பத்திரிகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். தளவாய்புரத்தில் தைக்கும் நைட்டிகள் வெளியூர்ச் சந்தைகளுக்குப் போகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா, சுந்தரபாண்டியத்தில் கைத்தறி, கிழக்கே போகப் போகத் தீப்பெட்டியும் பட்டாசும். படிப்புக்கும் குறைவில்லை. ராஜபாளையத்தில் ஏ.கே.டி. தர்மராஜா பெண்கள் கல்லூரி இருக்கிறது, கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருக்கிறது. பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் விருதுநகர் மாவட்டம் பல ஆண்டுகளாக மாநிலத்தின் முன்வரிசையில் நிற்கிறது. அதே மாவட்டம்தான் 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட, முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. தமிழ்நாட்டில் அதற்குத் துணை ராமநாதபுரம் மட்டும். நல்ல ரிசல்ட்டும் தீராத வறுமையும் ஒரே ஊரில் குடியிருப்பதால்தான் இங்கே கேள்வி கூர்மையாகிறது. காலையில் ஒரே பஸ் ஸ்டாப்பில் மில் வண்டியும் வந்து நிற்கும், கல்லூரிப் பஸ்ஸும் வந்து நிற்கும். எதில் ஏறுவது என்பதைப் பெண்ணின் மதிப்பெண் மட்டும் முடிவு செய்வதில்லை.

சுமங்கலித் திட்டம் எப்படி இயங்கியது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 'கேம்ப் கூலி' என்றும் மாங்கல்யத் திட்டம் என்றும் அதற்கு வேறு பெயர்களும் உண்டு. பெண்கள் இரவு ஷிப்டில் வேலை செய்யத் தொழிற்சாலைச் சட்டம் விதித்திருந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-இல் நீக்கியது. சமத்துவத்தின் பெயரால் வந்த சரியான தீர்ப்பு அது. ஆனால் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும் ஆலைக்கு, வளாகத்துக்குள்ளேயே ஹாஸ்டலில் தங்கி, எந்த ஷிப்டுக்குக் கூப்பிட்டாலும் வரக்கூடிய இளம் பெண்கள் கிடைத்தால் எவ்வளவு வசதி என்ற கணக்குக்கும் அது வழிவிட்டது. ரிங் பிரேம் இயந்திரங்களுக்கு நடுவே ஷிப்டு முழுக்க நடந்துகொண்டே அறுந்த இழையை ஒட்டவைக்க வேண்டும். நூல் நிறைந்ததும் கழற்றிவிட்டு வெறுங்கட்டையை மாட்ட வேண்டும். சுறுசுறுப்பான விரலும் தளராத காலும் போதும் என்பதால் பதினைந்து, பதினாறு வயதுப் பெண்களைத் தேடி ஏஜென்டுகள் மானாவாரி ஊர்களுக்குப் போனார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களில் இது பெருமளவில் நடந்தது; எல்லா ஆலைகளும் இப்படி இருந்தன என்று சொல்வது நியாயமாகாது. ஆளை அப்ரண்டிஸ் என்று பதிவு செய்வார்கள், சம்பளத்தில் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் பிடித்துக்கொள்வார்கள், ஒரு பகுதியைக் கடைசிவரை நிறுத்தி வைப்பார்கள். இடையில் உடம்பு முடியாமல் வீட்டுக்குத் திரும்பினால் அந்த மொத்தத் தொகை போய்விடும். நெதர்லாந்தின் சோமோ ஆய்வு நிறுவனமும், அந்நாட்டிலேயே இயங்கும் 'இந்தியக் குழு' என்ற அமைப்பும் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு இது உலக அளவில் பேசப்பட்டது. நான் கவனிக்கச் சொல்வது, அந்தத் திட்டத்தின் பிடி எங்கே இருந்தது என்பதை. கூலி குறைவு என்பது மட்டும் அல்ல கொடுமை. அவளுடைய சொந்த உழைப்பின் ஊதியத்தையே மூன்று வருடம் எட்டாத தூரத்தில் வைத்து, அதன் மேல் கல்யாணம் என்ற பெயரையும் எழுதி வைத்ததால், பாதியில் எழுந்து போகும் உரிமையே அவளுக்கு இல்லாமல் போனது.

இதே காலத்தில் அரசும் கல்யாணத்தின் பெயரால் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரில் 1989-இல் தொடங்கிய திருமண உதவித் திட்டத்தில், எட்டாம் வகுப்புவரை படித்த ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு 5,000 ரூபாய் தரப்பட்டது. பிறகு படிப்புத் தகுதி பத்தாம் வகுப்பாக உயர்ந்தது, தொகையும் படிப்படியாக 25,000 ஆனது. 2011-இல் தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்ந்தது. பட்டம் அல்லது பட்டயம் பெற்ற பெண்ணுக்கு 50,000 ரூபாய். 2016-இல் தங்கம் 8 கிராம், அதாவது ஒரு பவுன் ஆனது. இந்தத் திட்டத்தை ஆலைத் திட்டத்தோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது. இதில் உழைப்பைப் பிணையாக வாங்கவில்லை. பதினெட்டு வயதும் படிப்பும் நிபந்தனையாக இருந்தன. எட்டோடு நின்றிருக்கக்கூடிய எத்தனையோ பெண்களைப் பத்தாம் வகுப்புவரை இழுத்து வந்த பெருமை இதற்கு உண்டு. இருந்தாலும் பணம் வரும் நாள் மணநாள்தான். 2022-23 பட்ஜெட்டில் அரசு அந்த நாளை மாற்றியது. அரசுப் பள்ளிகளில் படித்த மாணவிகளில் 46 சதவீதத்தினர் மட்டுமே உயர்கல்விக்குப் போகிறார்கள் என்று பட்ஜெட் உரை காரணம் சொன்னது. அதே அம்மையாரின் பெயரில், ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் பட்டம், பட்டயம், ஐ.டி.ஐ. எதுவானாலும் படித்து முடிக்கும்வரை மாதம் 1,000 ரூபாய் என்று திட்டம் உருமாறியது. 2022 செப்டம்பர் 5 அன்று அது புதுமைப் பெண் என்ற பெயரில் தொடங்கியது.

கல்யாண வயதில் மொத்தமாகப் பணம் தருவதால் என்ன ஆகும் என்பதற்கு நாட்டிலேயே தெளிவான சான்று ஹரியானாவில் இருக்கிறது. அங்கே 1994-இல் 'அப்னி பேட்டி அப்னா தன்' என்ற திட்டம் வந்தது. ஏழை வீட்டில் பெண் பிறந்தால் தாய்க்கு உடனே 500 ரூபாய். குழந்தையின் பெயரில் சேமிப்புப் பத்திரம். பதினெட்டு வயதுவரை அவளுக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்தால் 25,000 ரூபாயாகத் திரும்பும். இளவயதுத் திருமணத்தைத் தடுப்பதற்கு இதைவிட நேரடியான வழி இருக்க முடியாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். திட்டத்தில் முதலில் சேர்ந்த பெண்களுக்கு 2012-இல் பதினெட்டு வயது நிரம்பியபோது, பன்னாட்டுப் பெண்கள் ஆய்வு மையம் திட்டத்தில் சேர்ந்தவர்களையும், தகுதி இருந்தும் சேராதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. பதினெட்டுக்கு முன் நடக்கும் திருமணங்களைத் திட்டம் குறைத்ததாகத் தெரியவில்லை. எட்டாம் வகுப்புவரை பெண்ணைப் படிக்கவைக்க ஓரளவு உதவியிருந்தது. அதற்கு மேல் இல்லை. அதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு ஒன்று: பணம் கைக்கு வந்த பதினெட்டாவது வயதிலேயே கல்யாணத்தை முடித்துவிடும் போக்கு, திட்டத்தில் இருந்த வீடுகளில் கூடுதலாக இருந்தது. பலரும் அந்தப் பணத்தை அரசு தரும் கல்யாணச் செலவாகவே புரிந்துகொண்டார்கள். இதில் பெற்றோரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பதினெட்டு வயதில் மொத்தமாக வரும் பணத்துக்கு அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு செலவு காத்திருக்கிறது. படிப்புக்கான செலவோ அதற்கு முந்திய வருடங்களிலேயே வந்து, வழியில்லாமல் திரும்பிப் போய்விட்டது.

அந்தச் செலவு எவ்வளவு ஆழமாக வீட்டுக்குள் இறங்கியிருக்கிறது என்பதற்கும் ஆய்வுகள் உண்டு. எஸ். அனுக்ருதி, சுங்கோ குவோன், நிஷித் பிரகாஷ் மூவரும் இந்தியக் கிராமங்களின் தரவுகளை வைத்துக் காட்டியபடி, முதல் குழந்தை பெண்ணாகப் பிறந்த வீடுகளில், வருங்கால வரதட்சணை எவ்வளவு என்று எதிர்பார்க்கிறார்களோ அதற்கேற்ப அப்போதிருந்தே சேமிப்பு கூடுகிறது; தகப்பன் கூடுதல் நாள் வேலைக்குப் போகிறார். சோனியா பலோத்ராவும் உடன் ஆய்வாளர்களும் தங்கத்தின் உலகச் சந்தை விலையை இந்தியப் பிறப்பு, இறப்புத் தரவுகளோடு பொருத்திப் பார்த்தார்கள். விலை ஏறிய மாதங்களில் பிறந்த பெண் சிசுக்களின் இறப்பு, ஆண் சிசுக்களோடு ஒப்பிட்டால் கூடியிருந்தது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இலேயே வந்துவிட்டது. பவுன் விலையோ அதற்குப் பிறகும் பெண் குழந்தையின் உயிர்வரை போய்த் தொட்டது. இப்படிப்பட்ட சமூகத்தில் திருமணத்தின் பெயர் சொல்லி மொத்தமாக வரும் எந்தப் பணமும், கொடுப்பது ஆலையோ அரசோ, சீர்ச் செலவுக்குள் கரைந்துபோவதைத் தவிர்ப்பது கடினம்.

இனி மறுபக்கம். சிறிய தொகை, ஆனால் தேவைப்படும் அன்றைக்கே. இதன் மிகப் பெரிய உதாரணம் இதே மாவட்டத்து மண்ணில் பிறந்தவருடையது. விருதுநகரில் பிறந்த காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது 1956-இல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார்; 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. 'பன்னிரண்டாம் வகுப்பு முடித்தால் இத்தனை மூட்டை அரிசி' என்று அன்றைக்கு அறிவித்திருந்தால் செலவு மிச்சமாகியிருக்கும். திட்டம் ஊற்றி மூடியிருக்கும். பசிக்கிற அன்றைக்கே, படிக்கிற இடத்திலேயே சோறு கிடைத்ததுதான் அதன் உயிர். தமிழ்நாட்டைப் பார்த்து நாடு முழுக்க விரிந்த இந்தத் திட்டத்தின் பலனைப் பிற்காலத்தில் அளந்தார்கள். தனிகா சக்ரவர்த்தியும் ராஜஷ்ரீ ஜெயராமனும் செய்த ஆய்வின்படி, தொடக்கப் பள்ளியில் ஐந்தாண்டு வரை மதிய உணவு சாப்பிட்ட பிள்ளைகளின் வாசிப்பு மதிப்பெண், ஓராண்டுக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட 18 சதவீதம் கூடுதல். கணக்கில் 9 சதவீதம். 2021-இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்த இன்னொரு ஆய்வு ஒரு தலைமுறை தாண்டிப் போனது. சிறுமியாகப் பள்ளியில் சாப்பிட்ட பெண், பிற்பாடு தாயானபோது அவளுடைய குழந்தையின் உயரம் வயதுக்கேற்ப மேம்பட்டிருந்தது. அந்தத் தாய் கூடுதல் வகுப்புகள் படித்ததும், தாமதமாகக் கல்யாணம் ஆனதும் அதற்கான காரணங்களில் அடங்கும்.

திருமண வயதைப் பற்றிய நேரடிச் சோதனை வங்கதேசத்தில் நடந்தது. கிராமங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றில் 15 முதல் 17 வயதுப் பெண்கள் உள்ள வீடுகளுக்கு, அவளுக்குக் கல்யாணம் ஆகாதவரை நான்கு மாதத்துக்கு ஒருமுறை சமையல் எண்ணெய் கொடுத்தார்கள். வருடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் பெறுமானமுள்ள எண்ணெய். ஹரியானாவில் வாக்களித்த தொகையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் இரண்டு வருடம் இந்தத் தகுதி இருந்த பெண்களிடையே பதினெட்டுக்கு முந்திய திருமணம் சுமார் 19 சதவீதம் குறைந்தது. வேறுபாடு வேளையில் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் எண்ணெய் வீடு தேடி வந்தபோது, கல்யாணத்தை இன்னும் சில மாதம் தள்ளிப்போட வீட்டாருக்கு ஒரு கண்கண்ட காரணம் கிடைத்தது. மொராக்கோவில் எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் செய்த சோதனை பெயரின் பங்கைக் காட்டியது. 'இது பிள்ளையின் படிப்புக்கான பணம்' என்று சொல்லி, எந்தக் கண்டிப்பும் வைக்காமல் சிறு தொகை கொடுத்தாலே இடைநிற்றல் கணிசமாகக் குறைந்தது. வருகைப் பதிவை நிபந்தனையாக வைத்ததால் கூடுதல் பலன் பெரிதாக வரவில்லை. அங்கே அப்பா கையில் கொடுத்தாலும் அம்மா கையில் கொடுத்தாலும் வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் நூறுநாள் வேலைச் சம்பளத்தைப் பெண்ணின் சொந்தக் கணக்கிலேயே போட்டு, அதைப் பயன்படுத்தவும் கற்றுக்கொடுத்தபோது பெண்கள் வேலைக்குப் போவது கூடியது. யார் கை என்ற கேள்விக்கு எல்லா ஊரிலும் ஒரே விடை இல்லை.

மொத்தத் தொகையே கூடாது என்று இதிலிருந்து முடிவு கட்டினால் தவறாகப் போகும். கென்யாவில் ஏழை வீடுகளுக்கு ஒரே தொகையை மாதாமாதமும் மொத்தமாகவும் கொடுத்துப் பார்த்தபோது, மாதாந்தரப் பணம் சாப்பாட்டுக்கு உதவியது. மொத்தப் பணம் நிலைத்த பொருள்களாக மாறியது. ஆடு மாடு வாங்கவோ கூரை மாற்றவோ ஆயிரம் ஆயிரமாக வந்தால் போதாது. இதைவிட வலுவான மறுப்பு கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவிலிருந்து வருகிறது. அங்கே 2005-இல் மாணவர்களில் ஒரு பிரிவுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முழுத் தொகையும் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்து வைத்து, அடுத்த வகுப்பில் சேரும் சமயத்தில் சேர்த்துக் கொடுத்தார்கள். பள்ளி வருகை இரண்டிலும் ஒரே அளவில் கூடியது. அடுத்த வகுப்பில் சேர்வதிலும், பிறகு கல்லூரிக்குப் போவதிலும் முந்தியது பிடித்து வைத்த பிரிவுதான். தள்ளிக் கொடுப்பதே தீது என்ற என் வாதம் இங்கே அடிபடுகிறது, அடிபடுவது நல்லதும்கூட. பொகோட்டாவில் பணத்தை நிறுத்தி வைத்தது பள்ளியின் அடுத்த வாசல்வரை. ஹரியானாவிலும் ஆலையிலும் நிறுத்தி வைத்தது கல்யாணப் பந்தல்வரை. ஆகவே மாதாமாதமா மொத்தமா என்பது இரண்டாம்பட்சம். படிப்பைத் தொடர்வதா விடுவதா என்று வீடு முடிவெடுக்கும் அந்தத் தருணத்தில் பணம் வந்து நிற்கிறதா என்பதே கேள்வி.

ஆலை வேலையும் பெண்ணுக்கு ஒரு விடுதலைதானே, அதை ஏன் வில்லனாக்குகிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்விக்கு மரியாதை தர வேண்டும். ராபர்ட் ஜென்சன் வட இந்தியக் கிராமங்களில் செய்த சோதனையில், பி.பி.ஓ. வேலைக்குப் பெண்களை எடுக்க ஆள் அனுப்பிய கிராமங்களில், மூன்று ஆண்டுக்குள் இளம் பெண்கள் திருமணம் செய்துகொள்வதும் குழந்தை பெறுவதும் ஐந்தாறு சதவீதப் புள்ளி குறைந்தன. சிறுமிகளின் படிப்பும் கூடியது. வங்கதேசத்தின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் பக்கத்து ஊர்ப் பெண்களின் திருமண வயதைத் தள்ளிவைத்ததை ரேச்சல் ஹீத், முஷ்ஃபிக் மொபாரக் ஆய்வு காட்டியது. ராஜபாளையத்திலும் மில் சம்பளத்தால் தலைநிமிர்ந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. நான் மறுப்பது வேலையை அல்ல, சம்பளத்தைக் கல்யாணத்துக்கு அடகு வைக்கும் ஏற்பாட்டை. டாக்காவின் தையல் ஆலையில் பெண்ணின் சம்பளம் மாதம் முடிந்ததும் அவள் கைக்கு வந்தது. பிடிக்காவிட்டால் அடுத்த ஆலைக்குப் போகலாம் என்ற பலத்தையும் தந்தது. வேலைக்கும் பெண்ணின் நிலைக்கும் இடையிலுள்ள கண்ணி அதுதான். சுமங்கலித் திட்டம் அறுத்ததும் அதைத்தான்.

இன்னொரு ஆட்சேபம் மனத்தை உறுத்துவது. தாலிக்குத் தங்கத்தை நிறுத்தினால் ஏழைத் தகப்பன் வட்டிக்குத்தானே ஓடுவான்? அந்த வலி நிஜம். கைம்பெண்ணின் மகள், ஆதரவற்ற பெண், மறுமணம், கலப்பு மணம் ஆகியவற்றுக்கான திருமண உதவிகளை அரசு நிறுத்தவில்லை. மற்றவர்களுக்கு அந்த ஒரு பவுன் போனது இழப்புதான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சீரின் அளவை முடிவு செய்வது பெண் வீட்டின் சேமிப்பு மட்டும் அல்ல, மாப்பிள்ளை வீட்டின் எதிர்பார்ப்பும்கூட. அரசு தரும் பவுன் பேச்சுவார்த்தையில் மற்றப் பவுன்களைக் குறைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. படிப்பு அப்படிக் கரைவதில்லை. எரிகா ஃபீல்டும் அத்திலா அம்ப்ரஸும் வங்கதேசத்தில் கணக்கிட்டபடி, திருமணம் ஓராண்டு தள்ளிப்போனாலே பெண்ணின் படிப்பு சராசரியாக 0.22 ஆண்டு கூடுகிறது. இதைக் கேட்டால் சின்ன எண்ணாகத் தோன்றும்; நான்கைந்து வருடம் தள்ளிப்போனால் ஏறத்தாழ ஒரு முழு வகுப்பு.

அப்படியானால் புதுமைப் பெண் வெற்றி என்று எழுதிவிடலாமா? அவசரப்படக் கூடாது. திட்டத்துக்குப் பிறகு உயர்கல்வியில் மாணவிகளின் சேர்க்கை 34 சதவீதம் உயர்ந்ததாக அரசு சொல்லியிருக்கிறது. அது உற்சாகம் தரும் எண். ஆனால் முன்பும் பின்பும் ஒப்பிடும் எண் எதுவும் காரணத்தைத் தனியே பிரித்துக் காட்டாது. கோவிட் காலத்தில் நின்றுபோனவர்கள் திரும்பிய வருடங்கள் அவை. அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த காலம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. சேத்தூரிலிருந்தோ மம்சாபுரத்திலிருந்தோ ஒரு பெண் கல்லூரிக்கு வந்தால் அதற்குக் காரணம் ஆயிரம் ரூபாயா, இலவசப் பயணமா, இரண்டுமா என்று பிரித்துச் சொல்ல ஒப்பீட்டுக் குழு வேண்டும். மாநிலம் முழுக்க ஒரே கல்வியாண்டில் தொடங்கிய திட்டத்தில் அப்படியொரு குழுவுக்கு இடம் வைக்கவில்லை. திட்டத்தின் பக்கம் சாய்கிறேன் என்பதாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன். அளக்காத நன்மையை அடுத்த பட்ஜெட்டில் வெட்டுவது எளிது.

தொகை போதாது என்பவர்களின் வாதத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரியும் குறை வேறு. புதுமைப் பெண் பணம் பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேர்ந்தபின்தான் வருகிறது. ஆலைக்கு ஆள் எடுப்பவர்கள் அதுவரை காத்திருப்பதில்லை. பத்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையிலேயே பல பெண்களின் பாதை பிரிந்துவிடுகிறது. வீட்டில் கடன், அம்மாவுக்கு முடியாத உடம்பு, கீழே இரண்டு தம்பி தங்கைகள் என்றிருக்கும் பெண் கல்லூரி வாசலுக்கு வருவதற்கு இரண்டு வருடம் முன்பே நூல் கட்டைகளுக்கு நடுவே நிற்கிறாள். அவளுக்கு இந்த ஆயிரம் எட்டாது. இடைநிற்றலைக் குறைக்க அரசு வேறொரு திட்டத்தை 2011-12-இல் கொண்டுவந்தது: அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்பில் 1,500, பிளஸ் ஒன்னில் 1,500, பிளஸ் டூவில் 2,000 என மொத்தம் 5,000 ரூபாய். நல்ல நோக்கம், சரியான வயது. ஆனால் அந்தப் பணத்தை வைப்புத் தொகையாகப் போட்டு, பிளஸ் டூ முடித்த பிறகே எடுக்கும்படி வைத்தார்கள். பள்ளியில் தங்கவைக்க வேண்டிய பணம், தங்கிய பிள்ளைக்குக் கடைசியில் தரும் பரிசாகிவிட்டது. போய்விட்ட பிள்ளைக்கு அப்படி ஒன்று இருந்ததே நினைவில் இருக்காது.

இதை மாற்றிப் பார்க்கப் புதிய நிதி தேவையில்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு ஒன்றியங்களின் அரசுப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு பாதியில் அந்த 5,000 ரூபாய் பழையபடி கடைசியில் வரட்டும். மறுபாதியில் அதே 5,000, ஒரு பைசா கூட்டாமல், மாணவி பிளஸ் ஒன்னில் சேரும் நாளில் ஒரு பங்கும், பிளஸ் டூவுக்குள் வரும் நாளில் ஒரு பங்கும், மீதி பருவத்துக்குப் பருவமும் அவள் கணக்கில் ஏறட்டும். இரண்டு வருடத்தில் விடை தெரிந்துவிடும். எது சிறந்ததோ அதை எல்லாப் பள்ளிக்கும் கொடுத்துவிடலாம். தனியாகச் சர்வே எடுக்கக்கூட வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் எந்த வகுப்பில் இருக்கிறது, அடுத்த ஜூனில் திரும்பி வந்ததா இல்லையா என்பது பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கிறது.